பெண் கேட்டு வந்தவர்களுக்கு நான் வைத்த கோழிக்குழம்பு

தெப்ரெ பிர்ஹான்,
பெருநோன்பின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை.

என் மனைவியின் மூத்த அண்ணனும், அவளிடம் எதிர்த்துப் பேசிவிட்டு முழுசாகத் திரும்பி வரக்கூடிய ஒரே மனிதருமான மரியாதைக்குரிய பெஸாபிஹ் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் கெத்செலா பணிவுடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? உங்கள் இடுப்பு வலி, கடையின் கூரை ஒழுகல், அக்காவின் பசு எல்லாம் எப்படி இருக்கின்றன? இங்கே கடவுள் புண்ணியத்தில் நானும் மகள் மஹ்லெத்தும் நலம். குளிர்காற்று வழக்கம்போல. வீடு நன்றாக இருக்கிறது. சமையலறைச் சுவர் மட்டும் சரியில்லை, அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் நடுவில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், பிறகு என்னால் மேற்கொண்டு சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு சிரியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. மஹ்லெத்துக்கு நிச்சயமாகிவிட்டது. பையன் பெயர் கிருபெல், அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியன், நல்ல குடும்பம், நல்ல உயரம். தாய்மாமன் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லாமலேயே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுவும், எப்படிச் சொல்வது, அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே கொடுத்துவிட்டேன். ஏன் என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

உங்கள் தங்கை தெப்ரித்து முழங்கால் வலிக்காக மடத்துக்குப் புனித நீராடப் போயிருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் பேருந்து ஏற்றிவிட்டீர்கள். பதினான்கு நாள் அங்கேதான் இருக்க வேண்டும், அதுவரை கைபேசியை மடத்தில் கொடுத்து வைத்துவிட வேண்டும். அவள் போகும் முன் இந்த வருடத்துக்கான பெர்பெரே மிளகாய்ப்பொடி வேலையை எல்லாம் தானே முடித்துவிட்டாள். மிளகாய் காம்பு கிள்ளி, இஞ்சி பூண்டோடு இடித்து, வெயிலில் காய வைத்து, பெரிய ஏலக்காய், கருஞ்சீரகம், ஓமம், வெந்தயம், பட்டை, கிராம்பு எல்லாம் அளந்து வறுத்துக் கலந்து, மூட்டையாகக் கட்டி வைத்தாயிற்று. மில்லில் அரைப்பது மட்டும்தான் பாக்கி. அது என் பொறுப்பு. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மில்லுல அவன் பக்கத்துலயே நில்லுங்க. அரைச்சதும் நேரா கொண்டுவந்து டின்னுல கொட்டி மூடுங்க. அதுக்கு மேல எதுவும் செய்யாதீங்க. யோசிக்கவும் செய்யாதீங்க."

நான் யோசிக்கவில்லை மச்சான். மறந்துவிட்டேன். ஒரு வாரம் மூட்டை மூலையில் கிடந்தது. போன வியாழக்கிழமை பையன் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று பெரியவர்கள் பெண் கேட்டு வருகிறார்கள் என்று. திங்கட்கிழமை நோன்பு தொடங்குகிறது, அதன் பிறகு ஐம்பத்தைந்து நாள் கறி கிடையாது, முட்டை கிடையாது, வெண்ணெய் கிடையாது. பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பருப்புக் குழம்பு வைத்து அனுப்பினான் கெத்செலா என்று ஊர் பேச வேண்டுமா? ஓட்டலில் கோழிக்குழம்பு வாங்கி வைத்தால் இந்த வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று ஆகிவிடும். மஹ்லெத்துக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை, கோழிக்குழம்புக்குப் பன்னிரண்டு முட்டை வேண்டும். மற்றதெல்லாம் என் தலையில் விழுந்தது. முப்பத்தோரு வருடம் இந்த மாவட்டத்தின் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவன், ஒரு பானையை அளக்க மாட்டேனா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் நான்கைந்து பெண்கள், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் சிவப்புப் புழுதி கிளம்பியது. எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அவள் சொன்னபடி பக்கத்திலேயே நின்றேன், ஏழு தும்மல் வரை நின்றேன். எட்டாவது தும்மலில் தொப்பி கழன்று மாவுத் தொட்டியில் விழப் பார்த்தது. வெளியே ஓடினேன். ஒரு கால்மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை மீட்டு உள்ளே வந்தால், திண்டின்மேல் அரைத்துக் கட்டிய இரண்டு மூட்டைகள். இரண்டும் வெள்ளைத் துணி, இரண்டும் நீலக் கயிறு. மில்காரர் கேட்டார்: "ஐயா, இதுல உங்களுது எது?" யாருடைய நிலம் எதுவரை என்று விரல் நீட்டிச் சொல்லியே பழகிய கை. இடது பக்கத்து மூட்டையைக் காட்டினேன். கொஞ்சமும் தயங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கோழியை அறுத்துச் சுத்தம் செய்தேன். எலுமிச்சையும் உப்பும் போட்டு ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது எனக்கே தெரியும், ஒன்பது தண்ணீரில் கழுவினேன். பன்னிரண்டு துண்டாக வெட்ட வேண்டும் என்பதும் தெரியும். எங்கே வெட்ட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கோழிக்கு வரைபடம் கிடையாது. முடிவில் பதினைந்து துண்டு வந்தது. மஹ்லெத் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, இது கோழியில எந்த இடம்?" என்று கேட்டாள். "எல்லைத் தகராறு. அதைப் பானைக்கு அடியில போடு" என்றேன். பிறகு மூன்று கிலோ வெங்காயம். அதை எண்ணெய் இல்லாமல், தண்ணீர் தெளித்துத் தெளித்து, பழுப்பாகும் வரை வதக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் மச்சான். உங்கள் தங்கை இத்தனை வருடங்களாகப் பண்டிகைக்குப் பண்டிகை இதைச் செய்து வைத்திருக்கிறாள், நான் வந்து உட்கார்ந்து உப்பு குறைவு என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்து அழுதேன். வெங்காயம் என்று மஹ்லெத் நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது பெர்பெரே. நான்கு கிண்ணம் அளந்து மொத்தமாகப் பானையில் கொட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமாம், பிறகு சொன்னார்கள். பானை ஒரு தடவை பொங்கியது. சுவர் சிவந்தது, என் சட்டை சிவந்தது, புகை சன்னல் வழியாகப் போய்த் தெருவில் நின்றது. நானும் மகளும் முற்றத்துக்கு ஓடி வந்து இருமிக்கொண்டிருந்தபோது, தகர வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன அண்ணே, வீட்டை எரிக்கிறீங்களா, இல்ல ஊரையே எரிக்கிறீங்களா?"

பக்கத்து வீட்டு அஸ்நாகெச் அம்மாள். இவர்களுக்கும் உங்கள் தங்கைக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தெருப் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் தெப்ரித்து எல்லோர் முன்னாலும், "அவ பெர்பெரே செங்கல் தூள் மாதிரி, நிறம் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் உடனே எழுந்து, "உன்னுது மருந்துக்கடை மாதிரி, வாசனை மட்டும்தான்" என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து அந்த வேலி வழியாக ஒரு முருங்கை இலை கூட இந்தப் பக்கம் வந்ததில்லை என்று சொல்லலாம், ஆனால் இந்தக் குளிரில் முருங்கை ஏது, முட்டைக்கோஸ் இலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணுமில்லம்மா, சமையல்" என்றேன்.

"சமையலா? என் கோழியெல்லாம் கூரைமேல ஏறி நிக்குது. தெப்ரித்து அம்மா இல்லையா?"

"மடத்துக்குப் போயிருக்கா."

"நாளைக்கு யாரோ வர்றாங்களாமே."

மஹ்லெத் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, கூப்பிடுங்க அவங்களை. அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகணும்" என்றாள். வாசற்கதவைத் திறந்தேன். நான்கு வருடம் கழித்து அந்த அம்மாள் எங்கள் வாசலைத் தாண்டி வந்து, நேரே சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பானைக்குள் பார்த்தார். பானைக்குள் சுண்டு விரலை விட்டு நாக்கில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். நாசம் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இது எங்க அரைச்சது?" என்று கேட்டார்.

"நம்ம மில்லுலதான். நேத்துக் காலையில."

"ம்" என்றார். அவ்வளவுதான். கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுப்புத் தணலைப் பாதியாகக் குறைத்தார், தண்ணீர் ஊற்றினார், மசாலா வெண்ணெய் எங்கே என்று கேட்டார், மஹ்லெத்தை முட்டைகளைக் கீறச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பானையிலிருந்து வந்த மணம் இருக்கிறதே மச்சான், ஏலமும் கிராம்பும் வெண்ணெயும் ஒன்றாகி, கம்பளிப் போர்வை மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டது. "நாளைக்கு நான் வந்து காபி வறுத்துக் கொடுக்கறேன். பொண்ணோட அம்மா இல்லாத இடத்துல ஒரு பொம்பளை இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு வந்தார்கள். பையனின் தாய்மாமன் கிஸாசெவ் ஐயா, அவர்கள் கோயில் பாதிரியார், ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. உட்காருங்கள் என்றேன். வந்த காரியத்துக்குப் பதில் கிடைக்காமல் உட்கார மாட்டோம் என்று, வழக்கப்படி, நின்றார்கள். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குடும்பப் பெருமை, தாத்தா கட்டிய கோயில் மதில், அப்பாவின் நேர்மை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சமையலறைப் பக்கத்திலிருந்து அடிப்பிடிக்கிற வாசனை என் மூக்குக்கு வந்தது. அஸ்நாகெச் அம்மாள் இன்ஜெரா அப்பம் எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். மஹ்லெத் வெளியே வரக்கூடாது. எனக்கு உள்ளங்கால் கொதித்தது.

"சம்மதம். கொடுத்துட்டேன். உட்காருங்க" என்றேன்.

நீதிபதி சொன்னார்: "ஐயா, நான் இன்னும் பையன் பேரையே சொல்லலையே."

பாதிரியார் என் பக்கத்தில் வந்து காதோடு, "முதல் தடவை மறுக்கிறதுதான் முறை. நாங்க மூணு தடவை வரத் தயாராத்தான் வந்திருக்கோம். இப்படி உடனே கொடுத்தா பொண்ணுக்கு என்னமோ குறைன்னு நாளைக்குப் பேச்சு வரும்" என்றார்.

"அப்படின்னா மறுக்கிறேன் சாமி, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பானையை இறக்கிவைத்து, அடி வரை கிளறிப் பார்த்து, அடிப்பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். சம்மதம்" என்றேன். திரைக்குப் பின்னால் மஹ்லெத் சிரிப்பை அடக்கியது எல்லோருக்கும் கேட்டது. பிறகு என்னிடம், "அப்பா, ஒரு வாரமாவது யோசிச்சிருக்கலாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். அதற்கு நான் எந்த வெங்காயத்தையும் சொல்ல முடியாது.

புல்லால் பின்னிய கூடைமேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்ஜெரா விரித்து, நடுவில் குழம்பை ஊற்றினேன். கிஸாசெவ் ஐயா ஒரு வாய் எடுத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊரில் எந்த விருந்திலும் அவர் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்களாம், நாக்கு அப்படிப்பட்ட நாக்கு என்று பாதிரியார் முன்பே சொல்லியிருந்தார். அவர் கண்ணைத் திறந்து, ஒரு பெரிய கவளம் சுருட்டி, விருந்து மரியாதைப்படி நேராக என் வாயில் ஊட்டிவிட்டார். "பொண்ணைப் பத்தி இனி ஒண்ணும் விசாரிக்க வேண்டாம். இந்தப் பெர்பெரே இருக்கிற வீட்டுல வளர்ந்த பொண்ணு, போதும். யார் கை இது?" என்று கேட்டார்.

வாய் நிறையக் கவளத்தோடு, "என் வீட்டுக்காரி கை" என்றேன்.

அவர் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அஸ்நாகெச் அம்மாள் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டம்மா, நீங்க சொல்லுங்க. இந்தத் தெருவுல இதுக்கு ஈடா ஒண்ணு உண்டா?"

"இல்லைங்க ஐயா" என்றார் அந்த அம்மாள், தலை நிமிராமல். "எத்தனையோ வருஷமா இங்க இருக்கேன். இதுக்கு ஈடு கிடையாது. இதைச் செஞ்ச கைக்குத் தங்க வளையலே போடலாம்."

நான்கு வருடப் பகையை மறந்து இப்படிப் பேசுகிறாரே என்று என் நெஞ்சு உருகிவிட்டது. கிளம்பும்போது கிஸாசெவ் ஐயா தன் தங்கைக்கு, அதாவது பையனின் அம்மாவுக்கு, ஒரு கிண்ணம் பெர்பெரே கேட்டு வாங்கிக்கொண்டார். "ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம். விருந்துல இதே ருசி இருக்கணும், இல்லேன்னா என் தங்கை என்னைத்தான் கேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அஸ்நாகெச் அம்மாள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "அண்ணே, ஒரு விஷயம். உங்க வீட்டம்மாவோட பெர்பெரே என் வீட்டு டின்னுல இருக்கு" என்றார்.

"அப்போ நம்ம டின்னுல?"

"என்னுது."

வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் அவர் மூட்டையும் மில்லில் இருந்திருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். நான் விரல் நீட்டியது அவர் மூட்டையை.

"சனிக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"முதல் விரல்லயே தெரிஞ்சுது. நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பானையோட கொட்டியிருப்பீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தேன், சொல்ல மனசு வரலை." கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். "இன்னொண்ணு. மாறினது தெரியாம சனிக்கிழமை மதியம் உங்க வீட்டம்மாவோடதைப் போட்டு நானும் குழம்பு வெச்சேன். பத்தொன்பது வருஷமா ரெண்டாவது தடவை கேட்காத மனுஷன், எங்க வீட்டுக்காரர், ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அதை மட்டும் தெப்ரித்து அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மாட்டேன் என்கிறார். மாற்றினால் கல்யாண விருந்தில் வேறு ருசி வரும், கிஸாசெவ் ஐயாவின் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும், பெண் வீட்டார் பொய் சொன்னார்கள் என்றாகும் என்கிறார். மாற்றாமல் வைத்தால் தெப்ரித்து ஒரு சிட்டிகை எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவாள். தன் மகளின் நிச்சயமே அஸ்நாகெச்சின் செங்கல் தூளால் நடந்தது என்று தெரிந்தால், அவள் என்ன செய்வாள் என்று யோசித்து யோசித்து, திங்கட்கிழமை முழுவதும் பருப்பு கூட எனக்கு இறங்கவில்லை.

ஆகவே மச்சான், இந்த ஒரு உதவி. வியாழக்கிழமை அவள் வருகிறாள். இந்தக் கடிதத்தை நாளைக் காலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீங்கள் புதன் மாலைப் பேருந்தில் கிளம்பி வந்துவிடுங்கள். நிச்சயம் ஆனதை முதலில் சொல்லுங்கள். நான் மறுக்காமல் கொடுத்ததை இரண்டாவதாகச் சொல்லுங்கள். மூட்டை மாறியதை, அவள் முழங்காலை நீட்டி உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள், எழுந்திருக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் வராவிட்டால் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது என்பதை நிலம் அளந்தவன் கணக்காகவே சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் பசு பெருகட்டும், கூரை நிற்கட்டும், இந்த நோன்பு உங்கள் வீட்டுக்கு லேசாகப் போகட்டும், ஈஸ்டரன்று நாம் எல்லோரும் உயிரோடு ஒரே கூடைமேசையைச் சுற்றி உட்காரும் பாக்கியத்தைக் கடவுள் தரட்டும்.

என்றும் உங்கள் அன்புக்கு உரிய,
கெத்செலா எந்தாலெவ்

பி.கு.: புதன் காலை. உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் தெப்ரித்து நிற்கிறாள். ஒரு நாள் முன்னதாகவே விட்டுவிட்டார்களாம். நிச்சயச் செய்தியை மஹ்லெத் வாசலிலேயே சொல்லிவிட்டாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் மறுக்காமல் கொடுத்ததைக் கேட்டு உங்கள் தங்கை சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் டின்னைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பரவாயில்லையே, சொன்னபடி பக்கத்துல நின்னு அரைச்சு வாங்கியிருக்கீங்க. என்ன இருந்தாலும் என் கை என் கைதான்" என்றாள். அதோடு நிற்கவில்லை. ஒரு கிண்ணம் எடுத்து வேலிக்கு மேலாக நீட்டி, "மகளுக்கு ஒத்தாசையா இருந்தீங்களாம், இந்தாங்க. நல்ல பெர்பெரேன்னா என்னன்னு நீங்களும் தெரிஞ்சுக்கலாம்" என்று அஸ்நாகெச் அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, "இந்த மாதிரி செய்ய எனக்கு ஆயுசுக்கும் வராது" என்றார். இப்போது இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு எத்தனை கோழி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை இங்கே வைத்திருந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும், இங்கே எரித்தால் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்பாள். அதனால் உங்களுக்கே அனுப்புகிறேன், படித்துவிட்டு நீங்கள் அங்கே எரித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு வரும்போது குழம்பு நன்றாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள். யார் கை என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.